கிணற்றடிப் பட்டறை

கும்பகோணத்துப் பழைய வீடுகளுக்கு அகலம் சொற்பம், நீளம் ஏராளம். கும்பேசுவரன் கோயிலுக்குத் தெற்கே இருந்த எங்கள் வீடும் அப்படித்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவர்களுக்குக் கேட்காது. அடுக்களையைத் தாண்டினால் கிணறு. கிணற்றை ஒட்டி நாட்டு ஓடு வேய்ந்த ஒரு தாழ்வாரம். அதற்கப்பால் ஒரு தென்னை, நாலைந்து வாழை, துவைக்கிற கல். கடைசியில் ஒரு தகரக் கதவு பின்சந்தில் திறக்கும். மற்ற வீடுகளில் அந்தத் தாழ்வாரத்தில் விறகும் வறட்டியும் அடுக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சுவேகா நின்றது.

வருகிறவர்கள் எல்லாம் கூடத்தோடு சரி. ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டின் உயிர் பின்னால் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு அந்த வீட்டை நினைத்தால் எனக்கு ஊஞ்சலோ முற்றத்து மழையோ முதலில் வருவதில்லை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஈரச் சிமெண்டும் சேர்ந்த அந்தக் கிணற்றடி வாடைதான் வருகிறது.

அப்பா கணக்கு வாத்தியார். பட்டீஸ்வரம் பக்கத்தில் பள்ளிக்கூடம். பஸ்ஸை நம்பிப் போனால் முதல் பீரியட் போய்விடும் என்று 1976-ல் சுவேகா வாங்கினார். பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அது எஞ்சின் வைத்த சைக்கிள். பெடல் உண்டு, பெடலுக்கு ஒரு செயின் உண்டு. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் பெரிய புல்லிக்குப் போகும். புல்லியிலிருந்து இன்னொரு செயின் பின்சக்கரத்துக்குப் போகும். கியர் கிடையாது. புல்லியில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகி விடுவித்துவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும்; பிறகு சைக்கிளாகவே மிதித்துக்கொண்டு வீடு வந்து சேரலாம். பாதி வழியில் வண்டி நின்றால் தள்ள வேண்டியதில்லை என்பது அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். திருப்பதியில் மொபெட்ஸ் இந்தியா கம்பெனி அதைச் செய்துகொண்டிருந்தது. மூலம் பிரான்சு நாட்டு மோட்டோபெகான் கம்பெனியின் மொபிலெட். இரண்டாம் உலகப் போர் முடிந்து பிரான்சே ஓய்ந்து கிடந்தபோது, 1949-ல், குறைந்த செலவில் ஜனங்கள் வேலைக்குப் போய்வரட்டும் என்று வந்த வண்டி அது. அந்த வண்டி பட்டீஸ்வரத்துச் சாலையில் வாத்தியார்களையும் தபால்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களிடமே வந்து சேர்ந்தது.

தாராசுரம் தாண்டிவிட்டால் இருபுறமும் வயல். அறுவடைக் காலத்தில் கதிரைச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் போரடித்துக் கொடுத்துவிடும். விவசாயிக்குச் சௌகரியம், சுவேகாவுக்குச் சங்கடம். வைக்கோல் அச்சில் சுற்றிக்கொள்ளும், தூசு ஏர் ஃபில்டரை அடைக்கும், பெல்ட்டுக்குள் உமி போய் வழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை. பிளக்குக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டோவுக்குள் மழைத் தண்ணீர் போனால் வண்டி இருமும், பிறகு நின்றுவிடும். ஆக வருஷம் முழுவதும் அதற்கு ஏதாவது ஒரு வைத்தியம் நடந்துகொண்டே இருக்கும். எல்லாம் கிணற்றடியில்தான்.

ஊரில் மெக்கானிக்குகள் இல்லாமல் இல்லை. முதல் வருஷம் அப்பாவும் ஒரு பட்டறையில் விட்டார். சின்ன வண்டிதானே என்று இரண்டு நாள் ஓரமாக நிறுத்திவைத்து, கடைசியில் ஒரு பையனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் அளவு சேராத ஸ்பேனரைப் போட்டுத் திருகியதில் சிலிண்டர் ஹெட்டின் நட்டு ஒன்று முனை மழுங்கிப்போய் வந்தது. அப்பா யாரிடமும் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து அந்த நட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த சம்பளத்தில் ஒரு ஸ்பேனர் செட் வாங்கினார்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வாரம் பட்டறை ஆயிற்று. சுவரில் ஆணி அடித்து ஸ்பேனர்கள் தொங்கின. மரப்பெட்டி ஒன்றில் பிளக் ஸ்பேனர், திருப்புளிகள், குண்டுத்தலைச் சுத்தி, ஜீரோ பேப்பர், பாயிண்ட் கேப் பார்க்கிற ஃபீலர் கேஜ். பெட்ரோலுக்கு ஆயில் கலக்க டானிக் பாட்டில் மூடி ஒன்று. பத்து மில்லி பிடிக்கும். லிட்டருக்கு நாலு மூடி. சுவேகாவின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்புத் தர வேண்டும். ஒரு மூடி குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஒரு மூடி கூடினால் பிளக் கரியாகிவிடும். கண்ணளவில் ஊற்றுவதை அப்பா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

வண்டி கிளம்பவில்லை என்றால் அப்பாவின் வரிசை மாறவே மாறாது. முதலில் பிளக். பிறகு பாயிண்ட். பிறகு கார்புரேட்டர். இந்த மூன்றிலும் இல்லையென்றால்தான் எஞ்சினில் கை வைப்பார். பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து, அதன் இரும்பு உடம்பு சிலிண்டரின் விசிறிப் பட்டையில் படும்படி சாய்த்து வைப்பார். "மிதி பாப்பா" என்பார். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஏறி நான் மிதிப்பேன். பின்சக்கரம் சுற்றும், எஞ்சினும் கூடவே சுற்றும், பிளக் முனையில் பொறி தட்டும். வெயிலில் வைத்துப் பார்த்தால் அந்தப் பொறி கண்ணுக்குத் தெரியாது. தாழ்வாரத்து ஓடு தாழ இறங்கியிருந்ததால் நடுப்பகலிலும் அங்கே அரையிருட்டு. பொறி பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நீலமாகச் சுருக்கென்று தட்டினால் மேக்னெட்டோ நன்றாக இருக்கிறது, பிளக்கைத் துடைத்து மாட்டலாம். சிவந்து சோம்பலாக வந்தால் பாயிண்டைப் பார்க்க வேண்டும்.

பாயிண்ட் ஃபிளைவீலுக்குள் ஒளிந்திருக்கும். ஃபிளைவீலில் ஜன்னல்கள் உண்டு. சக்கரத்தை மெல்லத் திருப்பி ஜன்னலை நேரே கொண்டுவந்தால் உள்ளே இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுப் பிரிவது தெரியும். பிரிகிற அந்தக் கணத்தில்தான் பொறி பிறக்கிறது. முழுக்கத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜின் தகடு லேசான உரசலோடு போய் வர வேண்டும். தடையில்லாமல் போனாலும் தப்பு, சிக்கினாலும் தப்பு. தேய்ந்து குழி விழுந்த பாயிண்டை ஜீரோ பேப்பரால் ஒத்துவார். அதோடு விடமாட்டார். பேப்பரின் தூள் ஒட்டியிருக்கும் என்று, பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு கீற்றுக் கிழித்து, பெட்ரோலில் நனைத்து, பாயிண்டுக்கு நடுவே நுழைத்து இழுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகைகளெல்லாம் முகூர்த்தம் முடிந்ததும் அந்த மரப்பெட்டிக்குத்தான் போயின.

கார்புரேட்டரில் மெயின் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகாணி. அதன் நடுவே ஒரு துளை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தலைமுடிப் பருமனில் ஒரு புள்ளி தெரியும். தெரியாவிட்டால் அடைப்பு. அடைப்பை எடுக்கக் கம்பி விடவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை. பித்தளை மெத்தென்று இருக்கும், துளை அகன்றுவிடும், அகன்ற துளையை யாராலும் சின்னதாக்க முடியாது. பெட்ரோலில் ஊறப்போட்டு, சைக்கிள் பம்ப்பால் காற்றடிப்பார். இன்றும் யாராவது நுண்ணிய துளைக்குள் கம்பியை விடுவதைப் பார்த்தால் என் கை தானாகத் தடுக்கப் போகிறது.

கார்புரேட்டர் என்றதும் அந்த மிதவையைச் சொல்லாமல் போக முடியாது. அது நடந்தது கும்பகோணத்தில் என்பதால்தான் அப்படி நடந்தது.

ஒருநாள் காலையில் வண்டிக்குக் கீழே பெட்ரோல் குளம் கட்டியிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வந்து சேருகிற சிறு கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, ஓர் ஊசியைத் தள்ளி, வரத்தை அடைத்துவிடும். எஞ்சின் குடிக்கக் குடிக்க மிதவை இறங்கி மறுபடி திறந்துவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். எங்கள் வண்டியின் மிதவை பித்தளை, உள்ளே வெறும் காற்று. அப்பா அதைக் காதருகே வைத்து ஆட்டினார். என் காதிலும் வைத்தார். உள்ளே பெட்ரோல் தளும்பியது. எங்கோ ஊசி முனையளவு ஓட்டை விழுந்து, உள்ளே பெட்ரோல் புகுந்து, மிதவை மூழ்கிவிட்டது. மூழ்கிய மிதவை வரத்தை அடைக்காது.

ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் சாமானைக் கொண்டுபோகவே கூடாது என்று வெந்நீர்தான் கிணற்றடிக்கு வந்தது. மிதவையை அதில் அமுக்கிப் பிடித்ததும், உள்ளே இருந்த பெட்ரோல் சூட்டில் ஆவியாகி, விளிம்பில் ஓரிடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அங்கே அப்பா பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். குமிழி நிற்கும்வரை வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றி, துளி மிச்சமில்லாமல் பெட்ரோலை வெளியேற்றினார். ஆவி மிச்சமிருக்கிற மிதவையைச் சூடு காட்டினால் வெடித்துவிடும். வெயிலில் காய வைத்து, மறுநாள்தான் தொட்டார்.

பின்சந்தில் ஒரு பாத்திரப் பட்டறை. விடிந்ததிலிருந்து அங்கே பித்தளை தட்டுகிற சத்தம் ஓயாது. குடம், தவலை, அண்டா. அதை நடத்திய பெரியவர் கையில் மிதவையைக் கொடுத்தார் அப்பா. அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு சார், இத்தனூண்டு?"

"பெட்ரோல்ல மிதக்கணும் ஐயா. கனம் கூடினா தாழ மிதக்கும். பெட்ரோல் வழியும்."

"அப்ப ஈயம் ரொம்பப் போகப்படாது."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு வாக்கியத்தில் கார்புரேட்டர் அவருக்குப் புரிந்துவிட்டது. பையனை அனுப்பிப் பக்கத்து நகைப் பட்டறையிலிருந்து தராசு வரவழைத்தார். பற்றுவைப்பதற்கு முன் ஒரு நிறை, பின் ஒரு நிறை. ஓட்டையின் மேல் ஈயம் ஒரு பொட்டு விழுந்தது. கூடுதலாக இருந்ததை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார், மறுபடி நிறுத்தார், இன்னும் இரண்டு இழுப்பு. மகாமகத்துக்கு வந்த லட்சம் பேர் வீடுகளுக்குச் சொம்பும் குடமும் செய்து அனுப்பிய கை அது. பிரான்சுக்காரன் வரைபடம் போட்ட மிதவைக்கு அந்தக் கையைவிடத் தகுதியான கை அந்த ஊரில் வேறு இருந்திருக்காது. காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். வண்டி ஓடுகிறதா என்று மட்டும் வந்து சொல்லச் சொன்னார். நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

பெரிய வேலை மே மாதத்தில். பள்ளிக்கூட விடுமுறை, அக்கினி நட்சத்திரம். அப்போதுதான் கார்பன் எடுப்பது. ஆயில் கலந்த பெட்ரோல் எரிந்து எரிந்து பிஸ்டன் தலையிலும், புகை வெளியேறுகிற வழியிலும், சைலன்சருக்குள்ளும் கரி படிந்துவிடும். வழி குறுகினால் புகை தேங்கும், புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகும், வண்டி மேட்டில் திணறும். வருஷத்துக்கொரு தடவை எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும்.

சாக்கை விரித்து, அதன்மேல் பழைய வேட்டியை விரிப்பார். கழற்றுகிற சாமானைக் கழற்றுகிற வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். அது என் பொறுப்பு. மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். ஹெட்டின் நாலு நட்டையும் ஒரேயடியாகக் கழற்றமாட்டார். மூலைக்கு மூலை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். இல்லாவிட்டால் அலுமினியம் வளைந்துவிடும். ஹெட் வந்த பிறகு சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல உருவுவார். அது பாதி வந்ததும் எனக்கு வேலை. சிலிண்டருக்கும் எஞ்சின் வாய்க்கும் நடுவே சுத்தமான துணியைத் திணிக்க வேண்டும். ஒரு துரும்பு உள்ளே விழுந்தால் கிராங்கைப் பிரிக்க வேண்டியதாகிவிடும். பிஸ்டனைக் கழற்ற, அதன் பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் சர்க்ளிப்பை எடுக்க வேண்டும். அது எப்போது எந்தத் திசையில் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை துள்ளி எங்கேயோ போய், பாட்டி உள்பட எல்லாரும் வாழைக்கு அடியில் உட்கார்ந்து தேடினோம். துவைக்கிற கல்லின் இடுக்கில் கிடந்ததைப் பாட்டிதான் எடுத்தாள்.

கரியைச் சுரண்டக் கத்தி கிடையாது, மூங்கில் பத்தை. பிஸ்டன் அலுமினியம், இரும்பு பட்டால் கீறும், கீறலில் அடுத்த வருஷம் கரி இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ரிங் உட்காருகிற காடியைச் சுத்தம் செய்ய உடைந்த பழைய ரிங்கின் துண்டையே ஆயுதமாக வைத்திருந்தார். அளவு சரியாக இருக்குமல்லவா. சைலன்சரின் உள்குழாயைத் தென்னை மட்டை நெருப்பில் போட்டுச் சுட்டால் ஆயில் எல்லாம் எரிந்து, கரி பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தப் புகை சந்து முழுக்கப் பரவும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாத்தியார் வீட்டில் வண்டி பிரித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

சிலிண்டர் வெறுமையாக என் கையில் இருந்த அந்த நேரத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்பு. உள்சுவர் பளபளவென்று இருக்கும். அந்தச் சுவரில் ஜன்னல்கள் வெட்டியிருக்கும். அப்பா பிஸ்டனை மட்டும் உள்ளே விட்டு மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். பிஸ்டன் இறங்கினால் புகை போகிற ஜன்னல் முதலில் திறக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் புதுக் காற்றும் பெட்ரோலும் மேலே வருகிற ஜன்னல்கள் திறக்கின்றன. ஏறினால் அவை மூடிக்கொள்கின்றன. பிஸ்டனின் அடி விளிம்பு விலகி, கார்புரேட்டர் பக்க ஜன்னல் திறக்கிறது. வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனே கதவு, பிஸ்டனே வாயில்காப்போன்.

"மேல போறப்போ ரெண்டு வேலை, கீழ வர்றப்போ ரெண்டு வேலை. அதான் டூ ஸ்ட்ரோக்" என்றார் அப்பா. மேலே போகும்போது தலைக்கு மேல் அமுக்கம், காலுக்குக் கீழ் உறிஞ்சல். கீழே வரும்போது மேலே வெடிப்பும் புகைப் போக்கும், கீழே புதுக் கலவையை மேலே தள்ளுதல். இங்கிலாந்தின் பாத் நகரத்துக்காரர் ஜோசப் டே 1891-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. கார்புரேட்டர் பக்க ஜன்னலையும் பிஸ்டனே திறந்து மூடட்டும் என்ற யோசனையை அவரிடம் வேலை பார்த்த ஃப்ரெடரிக் காக் சேர்த்தார். இந்தப் பெயர்கள் எல்லாம் எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தவை. ஆனால் அந்த யோசனையின் அழகை நான் என் பத்தாவது வயதில், கிணற்றடியில், கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பாடப் புத்தகப் படமும் எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு வருஷம், ஹெட்டை மட்டும் எடுத்துவிட்டு வெர்னியரை என்னிடம் கொடுத்தார். சிலிண்டரின் விட்டம் 39 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை ஓடுகிற தூரம் 41.8. "இப்ப கன அளவு கண்டுபிடி." சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்டேன். பை ஆர் ஸ்கொயர் ஹெச். ஆரம் 1.95 சென்டிமீட்டர், அதன் வர்க்கம், 22/7, 4.18. விடை 49.95 என்று வந்தது. வண்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். 49.9 சிசி. கும்பகோணத்தில் ஒரு சிறுமி சாக்பீஸால் போட்ட கணக்கும் கம்பெனிக்காரன் அச்சடித்த எண்ணும் ஒன்றாக இருந்தன. இதைவிடப் பெரிய சந்தோஷத்தைக் கணக்கு எனக்குத் தந்ததில்லை. நான் பின்னாளில் கணக்கு படித்ததற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

மாட்டும்போது அடி கேஸ்கெட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் கேஸ்கெட் காகிதத்தை எஞ்சின் வாயின்மேல் வைத்து, சுத்தியின் குண்டுப் பக்கத்தால் விளிம்போரமாகத் தட்டிக்கொண்டே போனால், உலோகத்தின் ஓரமே காகிதத்தை வெட்டிக் கொடுக்கும். கத்தரிக்கோலே வேண்டாம். ரிங்கின் வாய் காடியிலுள்ள சின்ன முளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துச் சொல்வது என் வேலை. முளை விலகினால் ரிங் சுழன்று, ஜன்னலில் மாட்டி ஒடிந்துவிடும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாம் முடித்து, அமுக்கத்தை விடுவிக்கிற டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு அப்பா மிதித்து, லீவரை விட்டதும் சுவேகா பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு. மண்ணெண்ணெய். ரேஷனில் அளந்து ஊற்றுகிற மண்ணெண்ணெயில் ஸ்டவ் எரிய வேண்டும், விளக்கு எரிய வேண்டும். சாமான் கழுவ அப்பா கேட்பது ஒரு டம்ளர். அம்மா கொடுப்பது முக்கால். கழுவிய எண்ணெயை வீணாக்காமல் தெளிய வைத்து, மேலே தெளிந்ததை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பார். கையிலிருக்கும் கரி போகத் தவிடும் சீயக்காயும். என் நகக்கண்ணில் கறுப்பு போகவே போகாது. "பொண்ணு கையாடி இது" என்று பாட்டி கேட்பாள். கேட்டுவிட்டு, அவளே எண்ணெய் தடவி விடுவாள்.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் மூட்டை கட்டலாம். சில வருஷங்களில் ஊர் முழுக்க அதுதான். வெற்றிலைக் கட்டு, வாழையிலைக் கட்டு, பால் கேன், பிள்ளைகள், எல்லாம் அதில் போயின. சுவேகா சாமான்கள் கடைகளில் குறைந்துகொண்டே வந்தன. பெல்ட்டை மாவு மில்லுக்குச் சாமான் விற்கிற கடையில் அளவு பார்த்து வாங்கினோம். பிஸ்டன் ரிங் சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லிப் புதுப்பேட்டையிலிருந்து வந்தது. வண்டியைச் செய்த கம்பெனி தளர்ந்துபோனாலும் வீட்டில் பிரித்து மாட்டத் தெரிந்தவன் கையில் வண்டி தளரவில்லை.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு அந்த டி.வி.எஸ்.ஸின் வாரிசான எக்ஸ்.எல். 100-க்கே கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை எப்போது எவ்வளவு பீய்ச்சுவது என்று சென்சாரும் மின்னணுப் பெட்டியும் முடிவு செய்கின்றன. புகை குறைந்தது நல்லதுதான். நீலப்புகை விட்டுக்கொண்டு ஓடிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காற்றைத்தான் நாங்கள் சுவாசித்து வளர்ந்தோம்; அதற்காக நான் ஏங்கவில்லை. ஏங்குவது வேறொன்றுக்கு. பத்து வயசுப் பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுத்து, இதுதான் இப்படித்தான் என்று காட்ட முடிகிற எஞ்சின் வீட்டில் இனி இல்லை. மூடிய பெட்டியைக் காட்டி என்ன சொல்லிக்கொடுப்பது? வீடும் இல்லை. எங்களிடமிருந்து வாங்கியவர்கள் இடித்து மாடி கட்டிவிட்டார்கள். கிணறு தூர்ந்தது. அந்தத் தாழ்வாரம் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. பின்சந்தில் பாத்திரம் தட்டும் சத்தமும் இல்லை.

இதெல்லாம் வெகு பின்னாளில். நான் பதினாறு முடித்தபோது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. கியர் இல்லாத இருசக்கர வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்று அதில் அப்போது இருந்தது. அப்பா அதை என்னிடம் படித்துக் காட்டினார். கியர் இல்லாத சுவேகா எனக்கு லைசென்ஸும் வாங்கிக் கொடுத்தது. மகாமகக் குளத்தை நாலு கரையும் சுற்றி வந்தபோது, காலுக்குக் கீழே ஒவ்வொரு ஜன்னலும் திறந்து மூடுவது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. மிதித்துக் கிளப்ப முடியவில்லை. வலங்கைமான் பக்கத்திலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர் சுவேகாவைக் கேட்டார். விலையை அவரே சொல்லட்டும் என்றார் அப்பா. அவர் சொன்னது குறைவுதான்; அப்பா ஒப்புக்கொண்டார். கூடவே பிளக் ஸ்பேனரும் டானிக் மூடியும் கொடுத்தார். ஸ்பேனர் செட்டைக் கொடுக்க மனசு வரவில்லை.

மழைக்காலம் வந்ததும் பால்காரர் சைக்கிளாக மிதித்துக்கொண்டு பின்சந்துக் கதவைத் தட்டினார். "சார், நின்னுபோச்சு. மெக்கானிக்கிட்ட காட்டினேன். இதெல்லாம் இப்ப யார் பாக்கறா, காயலான் கடையில போடுங்கறான்." அப்பா வண்டியைத் தாழ்வாரத்தில் ஏற்றச் சொன்னார். பிளக்கைக் கழற்றச் சொன்னார், தான் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், பால்காரர் செய்தார். பொறி சிவப்பாக இருந்தது. ஃபிளைவீல் ஜன்னல் வழியே பாயிண்டைக் காட்டினார். கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துக் கொடுத்தது நான். வண்டி கிளம்பியதும் பால்காரர் திகைத்துப்போனார். இது இவ்வளவுதானா சார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இவ்வளவுதான். ஆனா இதைத் தெரிஞ்சுக்கணும்" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. பையன் உள்ளே பார்க்க வேண்டும் என்கிறான் என்றார். எட்டாம் வகுப்பு. உருளையின் கன அளவு நடத்திவிட்டார்களா என்று அப்பா கேட்டார். இன்னும் இல்லை என்றான். அப்பா என்னைச் சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னார்.